நெருப்புக்குப் பூ என்று பெயர்

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் யாரும் நெருப்பை நெருப்பு என்று சொல்லமாட்டார்கள். பூ என்பார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கொடி ஏறிய நாளிலிருந்து தீமிதி முடிகிறவரை அடுப்பில் எரிவதும் பூ, விளக்கில் எரிவதும் பூ, குழியில் பரப்பும் தணலும் பூ. மறந்துபோய் யாராவது வாய்விட்டால் நாலு பேர் சேர்ந்து ஏசுவார்கள். தணலில் நடந்து கடைசியில் பால்குழியில் காலை வைத்தவரிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "பூவா இருந்துச்சு" என்றுதான் பதில் வரவேண்டும். சுட்டது என்று சொன்னால் விரதத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கொப்புளம் வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றாமலே கொஞ்ச நாள் திரிவார்கள்.

என் வீட்டுக்காரரின் தங்கைக்குக் கொப்புளம் வந்ததே கிடையாது. எங்கள் கோவிலில் பெண்களும் குழி இறங்குவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷம் தவறாமல் இறங்குகிறவள் என் நாத்தனார். இறங்கி முடித்ததும் நேராக என்னிடம் வந்து பாதத்தைத் தூக்கிக் காட்டுவாள். "பாருங்கண்ணி, சின்னப் பிள்ளை கால் மாதிரி இல்ல?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒருமுறைகூட இறங்கியதில்லை. பயந்தாங்கொள்ளி என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். அவள் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குகிறாள். தோட்டத்து ஓரத்தில் கட்டிக் கொடுத்த தாமானில், மலாயில் குடியிருப்பு என்று அர்த்தம், எதிரெதிர் வீடு. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்பதற்காக. இருபது வருஷமாக அவளோடு மல்லுக்கட்டுகிறேன். அதனால் நான் அவளை மெச்சிச் சொன்னால் அது சொந்தக்காரி சொல்வது என்று தள்ளிவிடாதீர்கள்.

அவளுக்கு ஒரே மகள், ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. என் வேனில் முன் இருக்கை அவளுக்குத்தான். சாதாரண நாளில் வாய் ஓயாது, அம்மாவைக் கொண்டிருக்கிறாள். இழுப்பு வந்தால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கும். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினால் மெழுகுவர்த்தியை அவளால் ஊதி அணைக்க முடியாது. அவள் ஊதுகிற மாதிரி செய்வாள், பின்னாலிருந்து அவள் அப்பா ஊதுவார், நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். அந்த வருஷம் என் நாத்தனார் மகளுடைய மூச்சுக்காகத்தான் வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினாள்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் பெரிய பாரிட் ஓடுகிறது. வாய்க்கால் என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது, பாரிட்தான். அதற்கு அந்தப் பக்கம் சதுப்புக் காடு. மண் மண்ணாகவே இருக்காது. இலையும் வேரும் காலங்காலமாக ஊறி ஊறிக் கறுத்துப்போய் பஞ்சு மாதிரி கிடக்கும். காம்புட் என்பார்கள். காலை வைத்தால் மெத்தென்று அமுங்கும், தண்ணீர் தேயிலைச் சாயமாகக் கசியும். அந்தத் தண்ணீர்தான் மெல்ல மெல்ல இறங்கி செகிஞ்சான் ஊர் நெல்வயல் வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். அந்தக் காட்டில் ஒரு பெரிய துண்டை யாரோ வெட்டினார்கள். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பலகை கிடையாது, வேலி கிடையாது. லோரி வரும், மரம் போகும். பிறகு நிலத்தைக் காய வைப்பதற்காகப் புதிதாக ஒரு பாரிட் வெட்டினார்கள். பாதியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் பாடு கேட்க வேண்டாம். குரங்கு சமையலறைக்குள் வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு என்னையே முறைக்கிறது. காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிளறிப் போடுகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குமேல் காட்டுப் பக்கமிருந்து ஒரு குளிர்ந்த காற்று வரும். துணி எடுக்கப் போகிறபோது முகத்தில் படும். அது நின்றுபோனதை நாங்கள் ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தோம். மழை வந்தால் பேய் மழை, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இல்லை. அந்த ஆடியில் இல்லவே இல்லை. வெட்டினவன் எங்கோ ஏர்கோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நல்லா இருக்கட்டும்.

புது பாரிட்டைத் தோண்டியது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் வீட்டுக்காரர். ஜெங்காவுட் ஓட்டுகிறவர், மண் தோண்டும் இயந்திரம். கூப்பிட்ட இடத்துக்குப் போவார், காட்டிய இடத்தில் தோண்டுவார். அதிர்ந்து பேசாத மனுஷன். அவள் பேசுவதே இரண்டு பேருக்குக் காணும்.

காப்புக் கட்டி ஒரு வாரம் இருக்கும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன், தோட்டத்துச் சாலையில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாள். பாரிட் கரையில் ஒரு செம்பனை அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மரம் பச்சையாக நிற்கிறது, மேலே ஒன்றும் எரியவில்லை. மண்ணிலிருந்து புகை. தரையில் கை வைத்துப் பார்த்தேன், சுடுசோற்றுப் பானை. காடு இருந்த பக்கத்திலிருந்து பூமிக்கு அடியிலேயே வந்திருக்கிறது.

அவள் அதற்குள் போம்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். தீயணைப்புக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள், அதனால் நானும் கேட்டேன். மலாயில்தான் பேசவேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டிய வாயில் அந்த வார்த்தை வருமா?

"என்சே, பூங்ஙா சுடா கெலுவார்! பன்யா பூங்ஙா! செப்பாட் டாத்தாங்!"

பூ வெளியே வந்துவிட்டது ஐயா, நிறையப் பூ, சீக்கிரம் வாங்க. இதைத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர், "பூங்ஙா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு மரியாதையாக, "பாகுஸ்லா, காக்" என்றார். நல்லதுதானே அக்கா என்கிறார்!

அவளுக்கு வந்ததே கோபம். சாதாரணப் பூ இல்லை என்று புரியவைக்க வேண்டுமே, மலாயில் சொன்னால் ஆத்தாளுக்குத் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, "பூங்ஙா ஆப்பி! பூங்ஙா ஆப்பி!" என்று கத்தினாள். ஆப்பி என்றால் நெருப்புதான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மலாயில் பட்டாசு மத்தாப்பு என்று அர்த்தம். யாராவது பட்டாசு போட்டுத் தொந்தரவு செய்தால் போலீசுக்கு அடிங்க அக்கா என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் வேனுக்குள் போய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை.

"என்னண்ணி சிரிப்பு? மண்ணு வேகுது, உங்களுக்குச் சிரிப்பு! நீங்கதான் காப்புக் கட்டலயே, நீங்க பேசுங்கலா!"

நான் பேசினேன். மண் எரிகிறது என்று நேராகச் சொன்னேன், வண்டி வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் போம்பா ஆட்கள் எங்கள் தோட்டத்துக்குள் வரும்போதெல்லாம் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "காக், பூங்ஙா மானா?" என்று கேட்பார். அக்கா, பூ எங்கே? அவள் வாயில் வராததெல்லாம் வரும். அவர்கள் சிரிப்பார்கள். பாவம், சிரிப்பதற்கு அவர்களுக்கும் அந்த நாட்களில் வேறு ஒன்றும் இல்லை.

ஏனென்றால் அந்த நெருப்பு அணைகிற நெருப்பு இல்லை. மேலே தண்ணீர் அடித்தால் அடங்கிவிடும். கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் இருபது அடி தள்ளி இன்னொரு மரத்தடியில் புகையும். அடிக்கத் தண்ணீரும் இல்லை, இருந்த தண்ணீரையெல்லாம் அந்தப் புது பாரிட் ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. புகை எங்கள் தாமானில் இறங்கியது. காலையில் எதிர் வீடு தெரியாது, அவள் குரல் மட்டும் கேட்கும். துணியில், சோற்றில், தலைமுடியில் எல்லாம் அதே வாடை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மகளுக்கு இழுப்பு கூடிப்போய், கிளினிக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்தும் நெஞ்சுக்கூடு உள்ளே உள்ளே போய் வந்தது. இந்தக் காற்றில் பிள்ளையை வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அக்கா கோலா குபு பாருவில் இருக்கிறாள், மலைப் பக்கம். அங்கே கொஞ்சம் பரவாயில்லை. நானே வேனில் கொண்டுபோய் விட்டேன். என் நாத்தனார் மகளுக்குத் தலை பின்னி, துணி மடித்து, பம்ப் மருந்தைக் கழுத்தில் மாட்டி, "பெரியத்தை வீட்டுல வாயைக் குறைச்சுக்கோ" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வேன் திரும்புகிறபோது கண்ணாடியில் பார்த்தேன், புகைக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நானாக இருந்தால் வேன் முன்னால் விழுந்து அழுதிருப்பேன்.

எல்லாம் சேர்ந்து கோவில் கூட்டத்துக்கு வந்து நின்றது. திறந்த வெளியில் எதையும் எரிக்கக்கூடாது என்று உத்தரவு. தீமிதி வருகிறது. கோவில் தலைவர், ஒரு மணி நேரம் கட்டை எரித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். இத்தனை வருஷம் நிற்காத தீமிதி நம் காலத்தில் நிற்கலாமா என்று இன்னொருவர். பலர் வேண்டுதல் வைத்தவர்கள், எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு. எல்லோரும் திரும்பி என் நாத்தனாரைப் பார்த்தார்கள். குழி இறங்க அவளைவிடத் துடிக்கிறவள் யார் இருக்கிறாள்? அவள் எழுந்தாள். தலைவர் நிம்மதியாகச் சிரித்தார்.

"குழி வெட்டாதீங்க, தலைவரே."

தலைவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எம்பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னுதான் ஆத்தாகிட்ட வேண்டுனேன். அந்தப் புகையை நானே போடவா? போட்டுட்டு அது மேலயே நடந்து வந்து, ஆத்தா எம்பிள்ளையைக் காப்பாத்துன்னு கேக்கவா?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வேண்டுதல் தவறுனா என்னாகும்னு எனக்குத் தெரியும். பயமாத்தான் இருக்கு. ஆனாலும் வேணாம்."

அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவள் கையைப் பிடித்தேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். எதிர் வீட்டில் எனக்கே கேட்டது. "நீங்க தோண்டுனதுதானே? நீங்களே மூடுங்க!" அவர் மறுநாள் காலையில் என் வேன் அருகில் வந்து நின்றார். "தங்கச்சி, ஏசுறா. ஆனா நியாயமாத்தான் ஏசுறா" என்றார். இரண்டு பேரும் காட்டு இலாகா ஆட்களைத் தேடிப் போனோம். பாரிட்டை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால்தான் அந்த மண் ஊறும், ஊறினால்தான் அடி நெருப்பு சாகும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அடைக்க இடமும் குறித்து வைத்திருந்தார்கள். ஆள்தான் இல்லை. ஜெங்காவுட் இறங்கினால் சூட்டு மண்ணில் புதைந்துவிடும். மண் மூட்டையை ஆள் கையால்தான் சுமந்து போடவேண்டும். திரும்பி வந்து அதைக் கோவிலில் சொன்னோம்.

தீமிதி அன்று காலையில் கோவிலில் பூசை மட்டும் நடந்தது. பிறகு காப்புக் கட்டிய அத்தனை பேரும் மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாகத் தோட்டத்து பூட்ஸை மாட்டிக்கொண்டு பாரிட் கரைக்கு நடந்தார்கள். உறுமி அடிக்கிறவர் பழக்கதோஷத்தில் அடித்துக்கொண்டே வந்தார். தலைவரும் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆனால் முதல் மூட்டையைத் தூக்கியது அவர்தான், அதை மறைக்கக்கூடாது. மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது பக்கத்துக் கிராமத்திலிருந்து, இளைஞர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். போம்பாக்காரர்கள் பாதுகாப்பான தரையில் பலகை போட்டு, இதை விட்டு இறங்கக்கூடாது என்று பத்துத் தடவை சொன்னார்கள். பயந்தாங்கொள்ளி நானும் சுமந்தேன். மூட்டை மூட்டையாகக் கைமாறிப் போனது. எங்கள் சனம் கோவில் தேர் வடம் பிடிப்பதற்குக்கூட இப்படி ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததில்லை.

மத்தியானம் இருக்கும். என் நாத்தனார் எனக்கு முன்னால் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தாள். பலகை ஒன்று சரிந்தது. சமாளிக்க ஓரடி பக்கத்தில் வைத்தாள். மண் அப்படியே வாயைத் திறந்தது. முழங்கால்வரை கால் உள்ளே போய்விட்டது. உள்ளே சிவப்பாகத் தெரிந்தது, பூட்ஸுக்குள் தணல் சரிந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் அவளைத் தூக்க ஓடினோம்.

"நெருப்பு!"

அவள் கத்திய கத்தலில் எல்லோரும் நின்றுவிட்டோம்.

"நெருப்பு! நெருப்பு! வராதீங்க! அண்ணி, யாரையும் விடாதீங்க, கீழ பூரா நெருப்பு!"

காப்புக் கட்டிய வாயிலிருந்து அந்த வார்த்தை. போம்பாக்காரர் இருவர் கயிற்றைப் போட்டு இழுத்து வெளியே எடுத்தார்கள். நாங்கள் இன்னும் நாலடி வைத்திருந்தால் அந்தத் தரை மொத்தமும் எங்களோடு இறங்கியிருக்கும் என்று பிறகு காட்டினார்கள். பூட்ஸை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. பூங்ஙா மானா என்று கேலி செய்கிற அந்த ஆள்தான் அவள் காலில் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை.

அன்று சாயங்காலம் அடைப்பு முடிந்தது. தண்ணீர் ஒரு விரல், இரண்டு விரல் என்று ஏறியது. அவளோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்தாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணி, சுட்டுருச்சு" என்றாள். "வாயும் தவறிருச்சு. ஆத்தா ஏத்துக்கல. எம்பிள்ளைக்கு என்னாகும்?" வெளியே ஓரிருவர் அதையேதான் குசுகுசுத்தார்கள், நான் அவர்களை நல்லா நாலு கேட்டேன். பூசாரி காப்பைக் கழற்ற வந்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள். மகள் வந்து மூச்சு விடுவதைப் பார்க்கிறவரை கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை.

தேங்கிய தண்ணீர் பக்கவாட்டில் ஊறியது. பிறகு ஒரு நாள் மழையும் வந்தது, பேய் மழை இல்லை, நல்ல மழை. புகை ஒவ்வொரு மரத்தடியாக நின்றுகொண்டே வந்தது. எதிர் வீட்டுச் சுவரில் பெயின்ட் என்ன நிறம் என்று தெரிந்த அன்று, நான் கோலா குபு பாருவுக்கு வேனை எடுத்தேன். வருகிற வழியெல்லாம் மகள் பெரியத்தை வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குக் காது வலித்தது. ஆனந்தமாக இருந்தது.

அவர்கள் வீட்டுக்குப் பூசாரியும் வந்திருந்தார். என் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டு மாற்றுவதற்காகக் காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். சின்னப் பிள்ளை கால் என்று எனக்குக் காட்டுவாளே, அந்தக் கால். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மகள் ஓடிவந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"அம்மா, எப்படிம்மா இருந்துச்சு?"

பூசாரி தாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சுட்டுச்சுடி" என்றாள் என் நாத்தனார். "நெருப்புல்ல? சுடத்தான் செய்யும்."

மகள் முக்காலிக்கு முன்னால் மண்டி போட்டாள். இரண்டு கன்னத்தையும் உப்பி, அம்மாவின் பாதத்தில் ஊதினாள். நீளமாக ஊதினாள். நாங்கள் மூன்று பேரும் இருமலுக்குக் காத்திருந்தோம், வரவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் ஊதினாள்.

என் நாத்தனார் மஞ்சள் கயிறு கட்டிய கையைப் பூசாரியிடம் நீட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"நிறுத்தாத," என்றாள் மகளிடம். "இன்னும் ஊது."